அந்தம்மாகிட்ட மட்டும் சொன்னது

இப்படித் தள்ளி உக்காரு அம்மிணி. அந்தக் கோடில உக்காந்தா பெஞ்சு ஆடும். பைய எதுக்கு மடியிலயே கட்டிப் புடிச்சிருக்கற, கீழ வெய்யி, ஒருத்தரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க. மொதத் தடவையா வர்ற? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நானும் மொத நாளு இப்படித்தான், தண்ணி கூடக் குடிக்காம உக்காந்திருந்தேன்.

உன்ற ஊட்டுக்காரரு எங்க? கீழ செராக்ஸ் எடுக்கறாரா. எடுத்துத்தான் ஆகோணும். என்ன தொழிலு? டைல்ஸ் ஒட்டற காண்ட்ராக்டா. பேங்க்குல வந்த காசு ஒண்ணு, கணக்குல காட்டுனது ஒண்ணுன்னு நோட்டீசு வந்திருக்கும். நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். எல்லார்த்துக்கும் அதேதான்.

என்ற ஊட்டுக்காரரு உள்ற இருக்கறாரு. இன்னைக்குக் கடைசி. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஒரு கையெழுத்துக்கு எத்தன நேரம் ஆகும், நீயே சொல்லு. நீ வர்றதுக்கு முன்னால போன மனுசன் இன்னும் வரக் காணோம். அந்தக் கதவுதான். மேல பேரு எழுதியிருக்குது பாரு, மங்கையர்க்கரசி, வருமான வரி அதிகாரின்னு.

பயப்படாத. சத்தம் போட மாட்டாங்க, மெரட்ட மாட்டாங்க. நல்லாத்தான் பேசுவாங்க. அந்த நல்லாப் பேசறதுலதான் அம்மிணி எனக்கு வெனையே வந்துது.

எங்களுக்குப் பல்லடம் பக்கம். கோழிப்பண்ணைக்கு ஷெட்டுப் போடறது அவருக்குத் தொழிலு. பைப்ப வெல்டு வெச்சு, மேல தகரம் போட்டு, சைடுல வல கட்டிக் குடுக்கறது. பொங்கலூர்ல இருந்து உடுமலை வரைக்கும் பஸ்ஸுல போனா, இது நம்ம போட்டது, அது நம்ம போட்டதுன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்கு நான் காட்டீட்டே வருவேன். அவரு காட்ட மாட்டாரு. அவரு பேசற ஆளே கெடையாது. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். எங்க போறீங்கன்னு கேட்டா, வேலைக்கும்பாரு. எப்ப வருவீங்கன்னா, வந்தர்றேம்பாரு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்குவேன். என்ற வாயி சும்மா இருக்காது, அவரு காது சும்மாத்தான இருக்குது, ஒத்துப் போச்சு.

நோட்டீசு வந்தன்னைக்கு ஊடே எழவு ஊடாட்டம் ஆயிப்போச்சு. மனுசன் தட்டுல கை வெச்சவரு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆடிட்டரு கூப்புட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, ஒரு வார்த்தை கூட எடுத்துக் குடுக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சாரு. நான் சிரிச்சுப்போட்டேன். இவருக்குப் போயி அந்தப் புத்தி சொல்றாங்களேன்னு.

மொத நாளு காத்தால போனவரு சாயங்காலம் வந்தாரு. நான் காப்பி வெச்சுக் குடுத்துட்டு, எதுத்தாப்புல நின்னேன். எப்படியும் ஆளு ஒடைஞ்சு வருவாரு, நாம தேத்தோணும்னு நெனச்சுட்டு நிக்கறேன். அவரு காப்பியக் குடிச்சுப்போட்டு, "அந்தம்மா நல்லாக் கேக்கறாங்க சாந்தா"ன்னாரு.

நான் கேக்காமலே அவரு வாயில இருந்து வந்த பேச்சு அது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது.

"எந்தம்மா?"

"ஆபீசரு. பொம்பள ஆபீசரு."

"என்னத்தக் கேட்டாங்க?"

"எல்லாந்தான். ஷெட்டு எப்படிப் போடறதுன்னு மொதல்ல இருந்து கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. ஆனா அன்னைக்குத் தோசை ரெண்டு சேத்தித் தின்னாரு. நோட்டீசு வந்ததுல இருந்து சரியாத் திங்காத மனுசன். எனக்குச் சந்தோசமாத்தான இருக்கோணும். இல்ல அம்மிணி. அடுப்புக்கிட்ட நின்னுட்டு, இத்தன நாளா நான் சுட்ட தோசைக்கு எறங்காத தொண்டை எவளோ ஒருத்தி கேட்ட கேள்விக்கு எறங்குதேன்னு நெனச்சேன்.

மறுபடி கூப்புட்டப்ப சட்டையத் தேச்சுக் குடுன்னாரு. எந்தச் சட்டைங்கற? என்ற மக ஓசூர்ல இருந்து தீவாளிக்கு எடுத்தனுப்புன ஊதாச் சட்டை. மடிப்புக் கூடப் பிரிக்காம பீரோவுல கெடந்தது. என்ற அண்ணன் மக சடங்குக்குப் போட்டுட்டு வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கூச்சமா இருக்குதுன்னு போடாத மனுசன். இப்பப் போட்டுட்டு, திண்ணூறு வெச்சுட்டு, கண்ணாடில சித்த நேரம் நின்னுட்டுப் போறாரு. வரி ஆபீசுக்கு.

ஆடிட்டரு ஆபீசுல ஒரு பொண்ணு இருக்குது, அதுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த ஆபீசரம்மாவுக்கு என்ன வயசு இருக்கும், பாக்கறதுக்கு எப்படின்னு. அது சிரிக்குது. "ஏங்க்கா, மாமா மேல சந்தேகமா"ங்குது. நான் எதுக்குச் சந்தேகப்படறேன். ஒரு தகவலுக்குக் கேட்டேன்.

அடுத்த தடவை நானும் வர்றேன்னு கௌம்பீட்டேன். இதே பெஞ்சுலதான் உக்காந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கதவத் தொறந்துட்டு அந்தம்மா வெளிய வந்தாங்க. பாத்தேன். தலை பூராவும் நரை, சாயம் கூடப் போடல. ஒரு கால இழுத்து இழுத்து நடக்கறாங்க, முட்டி வலியாட்ட இருக்குது. கைத்தறிப் பொடவை, கழுத்துல மெல்லிசா ஒரு சங்கிலி. அடுத்த வருசம் ரிட்டயர்டு ஆகறாங்களாம், அப்பறம் கேள்விப்பட்டேன்.

அதாம் அம்மிணி எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. அழகா இருந்திருந்தா எனக்கு வெளங்கியிருக்கும். இது எதுக்குன்னே வெளங்கல.

என்னயப் பாத்ததும் நின்னு, "நீங்கதான் சென்னியப்பன் வீட்டம்மாவா"ன்னு கேட்டாங்க. அந்தப் பேர நான் அன்னைக்கு வரைக்கும் வாயால சொன்னதில்ல. நோம்பிக்கு அர்ச்சனை பண்ணறப்பக் கூட ஐயருகிட்ட என்ற மகதான் சொல்லும். இவங்க சும்மா, பஸ்ஸு பேரு சொல்ற மாதிரி சொல்றாங்க. அப்பறம் சிரிச்சுட்டு, "கோழி ஷெட்டு எல்லாம் கெழக்கு மேக்காத்தான் நீட்டிப் போடுவாங்களாமே, வெயில் கோழி மேல விழக் கூடாதுன்னு. எனக்கு இத்தன வயசுக்கு அது தெரியாதும்மா. உங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது"ன்னாங்க.

எனக்கும் தெரியாது அம்மிணி.

எத்தனையோ வருசமா அந்த ஷெட்டுக பக்கத்துல போயிருக்கறேன், சோறு கொண்டு போயிருக்கறேன். எல்லாம் ஒரே பக்கமாத்தான் நீட்டிட்டுக் கெடக்கும். ஏன்னு கேக்கத் தோணல. எனக்குத் தெரியாததை எவளோ ஒரு வரிக்காரி எனக்கே எடுத்துச் சொல்றா. நான் விட்டுக் குடுப்பனா? "ஆமாங்க, எனக்கும் மொதல்லயே சொல்லியிருக்கறாருங்க"ன்னேன்.

போற வழில பஸ்ஸுல அவருகிட்டக் கேட்டேன். "ஏனுங்க, கெழக்கு மேக்குன்னு எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

"நீ கேக்கலியே"ங்கறாரு.

கேக்கலியாமா. நான் கேக்காத கேள்வியா? அரிசி தீந்து போச்சே வாங்குனீங்களான்னு கேக்கறேன், என்ற அண்ணனுக்குப் போன் பண்ணுனீங்களான்னு கேக்கறேன், எதுக்கு இப்படி மரமாட்டம் உக்காந்திருக்கறீங்கன்னு கேக்கறேன். பொழுதுக்கும் கேட்டுட்டேதான இருக்கறேன்.

சரி, கேளு. அதுக்கப்பறம் எனக்கே கடுதாசி வந்துது. பண்ணைக்காரங்க சில பேரு காச என்ற பேர்ல இருக்கற கணக்குல போட்டிருக்கறாங்க. அதனால என்னயும் ஒரு நாள் விசாரிக்கோணும்னாங்க. ஊரே பயந்துக்கும், எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துது. நானும் உள்ற போயி உக்காரப் போறேன், அங்க என்னதான் நடக்குதுன்னு பாக்கப் போறேன்னு. பட்டுப் பொடவை கட்டிட்டு, ஆரம் போட்டுட்டு வந்தேன்.

உள்ற ஒரு மேசை, நாலு சேரு, ஓரத்துல டைப் அடிக்கறவரு ஒருத்தரு. என்னயக் கணக்கப் பத்தி ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க. டக்கு டக்குன்னு சொன்னேன். உடனே முடிஞ்சு போச்சு. எனக்கு ஒரே ஏமாத்தமாப் போச்சு. அவர மட்டும் நாள் முச்சூடும் ஒக்கார வெச்சுக் கேக்கறாங்க, என்னயக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியாட்டம். "நீங்க இருக்கலாம்மா"ன்னு சொல்லிப்போட்டு அவரு பக்கமாத் திரும்பீட்டாங்க.

"சென்னியப்பன், நாலு வருசத்துக்கு முன்னால வரைக்கும் உங்க கூலிச் செலவு ஒரு அளவுல இருக்கு. அதுக்கப்பறம் திடீர்னு ரெண்டு பங்காயிடுது. ஷெட்டு எண்ணிக்கை கூடல. அப்போ கூலி ஏன் கூடுச்சு? இது பொய்க் கணக்கான்னு நான் கேட்டாகணும்."

அவரு பேசல. அந்தம்மாவும் பேசல. கேட்டுப்போட்டு, பேனாவக் கீழ வெச்சுட்டு, கைய மடக்கி வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறாங்க. நானா இருந்தா அதுக்குள்ள நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்கு வாய் பரபரன்னு இருந்துது. அவரு என்னய ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்பறம் மேசையப் பாத்துட்டுச் சொன்னாரு.

"அது பொய் இல்லீங்க மேடம். அதுக்கு முன்னால மேல ஏறி நானேதானுங்க வேலை பாப்பேன். நாலு வருசத்துக்கு முன்னால உடுமலைப் பக்கம் ஒரு ஷெட்டுல தகரம் போடறப்ப விழுந்துட்டனுங்க. தூத்தல் போட்டிருந்துது, கால் வழுக்கிருச்சு. கீழ மணல் கொட்டியிருந்துது, அதனால தப்பிச்சேன். அங்கியே ஆசுபத்திரில சேத்தாங்க. அதுக்கப்பறம் என்னால ஏற முடியலீங்க. ஏணில ரெண்டு படி வெச்சாலே கால் நடுங்குது, கண்ணு இருட்டுது. நான் செஞ்ச வேலைக்கு ரெண்டு ஆள் போட வேண்டியதாப் போச்சுங்க. அந்தக் கூலிதானுங்க அது."

டைப் அடிக்கறவரு அடிச்சுட்டே இருக்கறாரு. உடுமலையில விழுந்தாரா? ஆசுபத்திரியா? எனக்கு நெனப்பு வந்துது. அளவெடுக்கப் பாலக்காடு போறேன், வர ரெண்டு மூணு நாள் ஆகும்னு ஒருக்காப் போன் பண்ணுனாரு. வந்தப்ப நொண்டீட்டு வந்தாரு. செருப்புக் கடிச்சிருச்சுன்னாரு. ஒரு செருப்பு ஒழுங்காப் பாத்து வாங்கத் தெரியுதான்னு நான் திட்டுனது கூட நெனப்பு இருக்குது.

அந்தம்மா கேட்டாங்க, "இப்போ வலி இருக்கா?"

வரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீயே சொல்லு. கணக்குக் கேக்கற எடத்துல வலி இருக்குதான்னு எதுக்குக் கேக்கறது?

"குளுருக்கு இடுப்புல இருக்குங்க மேடம்"ங்கறாரு இவரு. கொழந்தையாட்டம்.

"வீட்டுல ஏன் சொல்லல?"

அதுக்கு மட்டும் அவரு பதில் சொல்லல. அந்தம்மா வெகு நேரம் காத்திருந்து பாத்தாங்க. சொல்லல. தலையக் குனிஞ்சுட்டாரு.

எனக்கு அப்ப நெஞ்செல்லாம் காந்துது அம்மிணி. எனக்குத் தெரியாம ஒருத்திகிட்டப் போயி, இடுப்பு வலிக்குது, கால் நடுங்குதுன்னு சொல்றாரே. கட்டுன பொண்டாட்டி பக்கத்துலயே கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். அவருக்கு என்னன்னு எனக்குத்தான் தெரியும், உனக்கு என்ன தெரியும்னு அவ முன்னால காட்டோணும்னு தோணுச்சு. நான் சொன்னேன்.

"மேடம், அவரு சும்மா சொல்றாருங்க. ஏற முடியாதுன்னெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. போன வருசம் எங்கண்ணன் ஈஸ்வரமூர்த்தி பண்ணைக்கு ரெண்டு ஷெட்டு இவருதான் போட்டாரு. இவரேதான் மேல ஏறுனாரு. நான் என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

டைப் சத்தம் நின்னு போச்சு. அந்தம்மா கண்ணாடியக் கழட்டுனாங்க. "எந்த ரெண்டு ஷெட்டும்மா? கணக்குல இல்லியே."

அவரு என்ற கைய மேசைக்கு அடியில புடிச்சு அமுக்கறாரு. நான் நிறுத்துவனா? அந்தம்மா இப்பத்தான் மொதத் தடவையா என்ற பக்கம் திரும்பியிருக்கறாங்க. "காங்கயம் ரோட்டுலங்க. எங்கண்ணன் காச ரொக்கமாக் கையில குடுத்தாருங்க. அதை இவரு அப்படியே எங்கிட்டத்தானுங்க குடுத்தாரு. அதுல எடுத்ததுதான் இந்த ஆரம்"னு முந்தானைய வெலக்கி எடுத்துக் காட்டுனேன். மெல்லிசாச் சங்கிலி போட்டிருக்கற அம்மா அத நல்லாப் பாக்கட்டும்னுதான் காட்டுனேன்.

பாத்தாங்க. ஆனா ஆரத்தப் பத்தி ஒண்ணும் கேக்கல. "அவர் மேல ஏறினப்போ நீங்க எங்கம்மா இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"கீழதானுங்க நின்னேன். நாந்தானுங்க ஏறச் சொன்னேன்."

அது நெசந்தான். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. இவரு கொஞ்ச வருசமா வேலை நடக்கற எடத்துல வேப்பமரத்தடில சேரப் போட்டு உக்காந்துட்டு, ஆளுகள வுட்டு வேலை வாங்கீட்டு இருந்தாரு. மகாராசா ஆயிட்டீங்களாக்குன்னு ஆளுக முன்னாலயே நான் கேட்டிருக்கறேன். என்ற அண்ணன் பண்ணைல, எங்க சொந்தமெல்லாம் வந்து போற எடத்துல இவரு சேருல உக்காந்தா எனக்கு எப்படி இருக்கும்? "எங்கண்ணன் ஊட்டு வேலைக்காச்சும் ஏறுங்க, இல்லாட்டி அவியெல்லாம் என்ன நெனப்பாங்க"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஏணியப் பாத்துட்டே நின்னாரு. அப்பறம் ஏறுனாரு. பைப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுட்டு, நத்தையாட்டம் நகந்தாரு. சட்டை பூராவும் நனைஞ்சு போச்சு. எங்கண்ணன் கூட, "என்ன மாப்ள, வயசாயிருச்சாட்ட இருக்குது"ன்னு கேலி பண்ணுனாரு, நாங்கெல்லாம் சிரிச்சோம். எறங்கி வந்தவரு தென்னைமரத்துக்கு அக்கட்டால போயி வாந்தி எடுத்தாரு. வெயில் ஒத்துக்கலயாட்டம்னு நான் எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தேன்.

இதை அப்படியே அந்தம்மாகிட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை விடல. சொல்லி முடிச்சதும் அந்தம்மா என்னய ஒரு பார்வை பாத்தாங்க. வெகு நேரம் பாத்தாங்க. பொறாமைதான். வேற என்ன இருக்கும்? அவரப் பத்தி அவங்களுக்குத் தெரியாதது எனக்கு இத்தன தெரியுதேன்னு இருந்திருக்கும்.

அப்பறம் என்ன, மறைச்ச வருமானம்னு ஆயிப்போச்சு. வரி, வட்டி, அபராதம், எல்லாம் சேந்து வந்துது. ஆடிட்டரு தலைல அடிச்சுக்கிட்டாரு. "அவங்களா கேக்கவே இல்லியேம்மா, நீங்களா எடுத்துக் குடுத்துட்டீங்களே"ங்கறாரு. ஆரத்தக் கழட்டி வித்தோம். நானேதான் கழட்டிக் குடுத்தேன், கடைக்காரரு எடை போடறதப் பாக்கல, வெளிய வந்து நின்னுக்கிட்டேன். அவரு ஒரு வார்த்தை என்னயச் சொல்லல. திட்டியிருந்தாக் கூட ஆறியிருக்கும்.

நான்தான் திட்டுனேன். ஒரு மாசம் அந்த ஊட்டுல எண்ணெய் காயற மாதிரி காஞ்சுட்டுக் கெடந்தேன். "இடுப்பு வலிச்சா அவகிட்டயே போயிச் சொல்லுங்க. சோறும் அவளே போடுவா"ன்னு சொல்லுவேன். வெந்நி வெச்சுக் குடுக்கலாம்னு அடுப்பு வரைக்கும் போவேன், அவகிட்டத்தான மொதல்ல சொன்னாருன்னு நெனப்பு வரும், திரும்பி வந்திருவேன். என்ற மக போன்ல அழுகுது. "அம்மா, அப்பா விழுந்திருக்கறாரும்மா, அத உட்டுட்டு எதைப் பேசீட்டு இருக்கற"ங்குது. அதுக்கென்ன தெரியும்? விழுந்தது நாலு வருசத்துக்கு முன்னால. அவகிட்டச் சொன்னது இப்பத்தான?

ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்தீட்டே இருந்துது. ஊட்டுல ஏன் சொல்லலன்னு அந்தம்மா கேட்டாங்கல்ல, அதுக்கு இவரு பதில் சொல்லல. அவங்களுக்கே சொல்லாத ஒண்ணு இருக்குது. அத எப்படியாவது வாங்கிப்போடோணும்னு எனக்கு வெறி.

போன ஞாயித்துக்கிழமை அவரு வாசல்ல உக்காந்து வெல்டிங் கண்ணாடியத் தொடைச்சுட்டு இருந்தாரு. நான் ஒரு பிளாஸ்டிக் சேர எடுத்துட்டுப் போயி எதுத்தாப்புல போட்டேன். அந்தம்மா உக்காந்த மாதிரியே கைய மடக்கி வெச்சுட்டு உக்காந்தேன். "உடுமலையில விழுந்தத ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். கேட்டுப்போட்டு வாய மூடிக்கிட்டேன்.

அந்தம்மாவோட சூட்சுமம் அவ்வளவுதான் அம்மிணி, நான் கண்டுபுடிச்சுட்டேன். கேட்டுப்போட்டுப் பேசாம இருக்கோணும். என்னால முடியல. முந்தானைய வாயில வெச்சுக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவரு கண்ணாடியத் தொடைக்கறாரு, தொடைக்கறாரு. நானும் பேசல. பக்கத்தூட்டுக்காரி வந்து கறிவேப்பல கேட்டா, அவகிட்டக் கூடக் கையத்தான் காட்டுனேன். எனக்கே தெரியல எத்தன நேரம்னு. கடைசில அவரு தலை நிமிந்தாரு.

"மணல்ல கெடந்தேன் சாந்தா. ஆளுகெல்லாம் ஓடி வர்றாங்க. எந்திரிக்க முடியல. கால் இருக்குதா இல்லியான்னே தெரியல. அப்ப எனக்கு வேற ஒண்ணும் தோணல. உன்னயத்தான் நெனச்சேன். நீ என்ன சொல்லுவியோன்னுதான் நெனச்சேன்."

கேட்டியா அம்மிணி? சாகப் பொழைக்கக் கெடக்கையிலயும் மனுசனுக்கு என்ற நெனப்புத்தான் வந்திருக்குது. இத அந்தம்மாகிட்டச் சொல்லல. எத்தன நேரம் காத்திருந்தாங்க, சொல்லல. எங்கிட்டத்தான் சொன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துது.

என்ன, அப்படிப் பாக்கற?

இல்ல, நீ எதுக்கு அப்படிப் பாக்கற. நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்? ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். கண்ண எங்க வெச்சுட்டு ஏறுனீங்கன்னு கேட்டிருப்பேன். எங்கண்ணன் இத்தன வருசமாத் தோட்டந்தொரவுன்னு ஏறி எறங்கறாரு, ஒரு நாளாச்சும் விழுந்தாரா, உங்களுக்கு மட்டும் எப்படின்னு கேட்டிருப்பேன். ஆசுபத்திரிக்கு எத்தன ஆச்சுன்னு கேட்டிருப்பேன். அதெல்லாம் ஒரு பேச்சுக்குக் கேக்கறதுதான. மனசுல வெச்சுட்டா கேப்பாங்க? எல்லாப் பொம்பளையும் கேக்கறதுதான். நீ கேக்க மாட்டியா உன்ற ஊட்டுக்காரர?

கேக்க மாட்டியா.

சரி. நீ சின்னப்புள்ள.

இரு, கதவு தொறக்குது. அவருதான். ஊதாச் சட்டையப் பாத்தியா, அதான் நான் சொன்னது. அந்தம்மாவும் வாசல் வரைக்கும் வர்றாங்க பாரு, வழியனுப்பறாங்களாமா.

ஏனுங்க, முடிஞ்சுதுங்களா? என்னங்க இத்தன நேரம், அப்படி என்னதான் பேசுனீங்க... இல்ல, வேண்டாம். இப்பச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.

நான் போயிட்டு வர்றேன் அம்மிணி. உன்ற கதையக் கேக்கவே இல்ல, நானே பேசீட்டு இருந்துட்டேன். இந்தக் கட்டடத்துக்கு லிப்ட்டு இல்ல பாரு, ரெண்டு மாடி எறங்கோணும். ஏறறப்பவே செவத்தப் புடிச்சுட்டுத்தான் வந்தாரு. இத்தன நாளு வந்து போனதுல நான் அதக் கவனிக்கவே இல்ல.

ஏனுங்க, அங்கியே நில்லுங்க. நான் ஒரு படி முன்னால எறங்கறேன், நீங்க என்ற தோள் மேல கைய வெச்சுக்கோங்க. வெய்யிங்க, ஒண்ணும் ஆகாது. கீழ பாக்காதீங்க, என்ற பொடவையப் பாத்துட்டு வாங்க. அந்தம்மா இன்னும் அங்கதான் நிக்கறாங்களா?

நிக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்.